நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்த பிள்ளை

வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒன்று கேட்கிறேன். வகுப்பறைக்குள் நுழையும்போது பயமாக இருக்கிறதா? "அதெல்லாம் இல்லை டீச்சர்" என்று யாராவது சொன்னால், அவரைத் தனியாக உட்காரவைத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் எனக்கு. நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் பயந்துகொண்டேதான் வேலைக்குப் போனேன். பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீடு. ஊரே கோலாலம்பூருக்குள் வந்துகொண்டிருக்கும்போது நான் மட்டும் எதிர்ப்பக்கம் ரயிலேறிக் கிள்ளானில் போய் இறங்குவேன். இறங்கும்வரைக்கும், இன்றைக்கு என்ன ஆகுமோ என்ற நினைப்புதான். இப்போது காலையில் நிதானமாகத் தோசை சாப்பிடுகிறேன். ரயில் சத்தம் கேட்டால் இன்னும் அந்த நினைப்பு வந்துவிடுகிறது.

மூளை ஆராய்ச்சியும் தொழில்நுட்பமும் வகுப்பறையை எப்படி மாற்றுகின்றன என்று உங்களிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படம் போட்டு விளக்க என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது தர்ஷினி என்ற ஒரு பிள்ளைக்கு நடந்தது. நான்காம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தாள். அவளைப் பற்றியே சொல்கிறேன்.

துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலையோரம் இருந்த சின்னத் தமிழ்ப்பள்ளி அது. பெயர் வேண்டாம். பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்துப் பண்டமாரானிலிருந்து வருவார்கள். வாசலுக்கு வெளியே நாள் முழுக்கக் கொள்கலன் ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டே இருக்கும். வகுப்பில் நான் ஒரு வாக்கியம் சொல்ல ஆரம்பித்தால், லோரி போய் முடிந்த பிறகுதான் அதை முடிக்க முடியும்.

எங்களுக்கு வருடா வருடம் ஒரே பயம். அடுத்த முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகள் வருவார்களா? "சீனப்பள்ளியில எடம் கெடைக்கலன்னா இங்க வரோம் டீச்சர்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போன பெற்றோர் உண்டு. பிள்ளைகள் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற நினைப்பு தலைமையாசிரியரைத் தூங்க விடாது. ஆகவே நாங்கள் எதையாவது செய்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புத்தாக்கப் போட்டியில் ஒரு பதக்கம் கிடைத்தால் மறுநாளே பேனர் அடித்து வேலியில் கட்டுவோம். தமிழ்ப்பள்ளி எதிலும் குறைந்ததில்லை என்று ஊருக்குக் காட்டியே ஆகவேண்டும் என்ற ஒரு வெறி. உங்கள் பள்ளியிலும் அது இருக்கும். சிரிக்காதீர்கள், இருக்கும்.

அந்த வருடம் ஷா ஆலமில் ஒரு ஹோட்டலில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. மூளையைப் பற்றி ஓர் அம்மாள் பேசினார். நன்றாகவே பேசினார். பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும்போதுதான் மனத்தில் தங்கும் என்றார். நான் அதை வகுப்பில் செய்து பார்த்தேன், பலன் இருந்தது. தூக்கம் கெட்ட பிள்ளைக்கு முதல் நாள் படித்தது நிற்காது என்றார். அதுவும் உண்மை. இன்னொன்றும் சொன்னார். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறதாம். பயம் வந்தால் அது மணி அடிக்குமாம். மணி அடித்துவிட்டால் ஓடுவதா, ஒளிவதா, அப்படியே உறைந்து நிற்பதா என்பதைத் தவிர வேறு எதையும் மூளை கவனிக்காதாம். "பயந்த புள்ளைக்கு நீங்க என்ன சொல்லிக் கொடுத்தாலும் அது சுவத்துக்குச் சொன்ன மாதிரிதான்" என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டோம். மறுவாரமே அதை மறந்துவிட்டு ஒரு காரியம் செய்தோம்.

அந்தப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு கம்பெனிக்காரர் எங்கள் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு பெட்டி. உள்ளே நெற்றியில் மாட்டும் பட்டைகள். மூளையிலிருந்து வரும் மெல்லிய மின்னலைகளை அது அளக்குமாம். பிள்ளை கவனமாக இருந்தால் பட்டையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரியும். கவனம் தளர்ந்தால் மஞ்சள். போய்விட்டால் சிவப்பு. ஆசிரியர் மேசையில் ஒரு தட்டைக் கணினி. அதில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே ஒரு கோடு ஏறி இறங்கும்.

பாடம் தொடங்கும் முன் ஒரு மூச்சுப் பயிற்சியும் உண்டு. மூளையைத் தட்டி எழுப்பும் மூச்சு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து இழுத்து விட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வகுப்பு முழுக்க புஸ் புஸ் என்று சத்தம்.

தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "டீச்சர், எந்தப் பள்ளியிலயும் இல்ல லா இது!" என்றார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் ஓய்வு மணி அடித்ததும், பிள்ளைகளின் பெயரும் நிறமும் பெற்றோர் கைப்பேசிக் குழுவுக்குத் தானாகப் போகும்படி செய்யச் சொன்னார். எல்லாப் பிள்ளைகளின் நிறமும் எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். "நம்ம பள்ளி எவ்ளோ மாடர்ன்னு அவங்க நாலு பேர்கிட்ட சொல்லுவாங்க. அடுத்த வருஷம் பதிவு தானா வரும்" என்றார். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள்.

சில நாள்களில் என் பிள்ளைகள் பச்சையாக இருக்கக் கற்றுக்கொண்டார்கள். கண்ணை அகலத் திறந்து, பலகையில் ஒரு புள்ளியை முறைத்தபடி, உதட்டைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். யோகிதா என்று ஒரு சுட்டி. அவள் எப்போதும் பச்சை. ஒருநாள் பாடம் முடிந்ததும் அவளை எழுப்பி, நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"தெரியல டீச்சர்" என்றாள். "ஆனா நான் பச்சை."

அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

தர்ஷினி எப்போதும் சிவப்பு.

மெலிந்த பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் பேசிக்கொண்டே இருக்கும்போது நடுவில் நின்றுவிடுவாள். மூன்றாம் ஆண்டு ஆசிரியர் அவளுக்குக் "கனவுக்காரி" என்று பெயரே வைத்து என்னிடம் அனுப்பியிருந்தார். பட்டை வந்த பிறகு அந்தப் பெயருக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது. ஓய்வு மணி அடித்தால் பெற்றோர் குழுவில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு வட்டம். கீழே யாராவது ஓர் அம்மா, "புள்ளைய சீக்கிரம் தூங்க வையுங்க" என்று அறிவுரை போடுவார். இன்னொருவர் சிரிக்கும் முகம் ஒன்று போடுவார்.

அவள் அப்பா சரவணன், துறைமுகத்தில் டிரெய்லர் லோரி ஓட்டுபவர். அம்மா இல்லை; அப்பாவும் மகளும்தான். துறைமுக வாசலில் வரிசையில் காத்திருக்கும்போது அவருக்கு அந்தச் செய்தி வரும். பக்கத்து லோரிகளில் இருப்பவர்களும் இதே பள்ளிப் பிள்ளைகளின் அப்பாக்கள்தான். ஒருநாள் மாலை என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், எல்லார் முன்னாடியும் என் மானம் போவுது. நான் படிக்கல, லோரி ஓட்டுறேன். இவளாவது படிக்கட்டும்னுதான் நாயா ஒழைக்கிறேன். இவ என்னடான்னா தெனமும் சிவப்பு." அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். "அந்த மூச்சு இருக்கில்ல, அத நான் வீட்டுலயும் செய்ய வைக்கிறேன். காலையில கொஞ்ச நேரம், சாயந்தரம் கொஞ்ச நேரம். வுடமாட்டேன் டீச்சர், பச்சையாக்கிக் காட்டுறேன்."

தர்ஷினி அவர் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் நான் அவளை உற்றுக் கவனிக்க ஆரம்பித்தேன். கணினியில் மற்றப் பிள்ளைகளின் கோடு மெல்ல மெல்லச் சரியும். பசி, சலிப்பு, சன்னலுக்கு வெளியே ஒரு பூனை, இப்படி ஏதாவது. தர்ஷினியின் கோடு அப்படி இல்லை. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று பாதாளத்தில் விழும், கொஞ்ச நேரத்தில் திடீரென்று பழைய இடத்துக்கு வந்துவிடும். அதிலும் மூச்சுப் பயிற்சி முடிந்த கையோடு விழும். கவனம் வருவதற்காகச் செய்யும் பயிற்சிதான் அவள் கவனத்தைப் பறிக்கிறது என்றால் எங்கேயோ உதைக்கிறதே என்று தோன்றியது.

ஒரு காலையில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். மற்றவர்கள் அப்போதுதான் மூச்சுப் பயிற்சியை முடித்திருந்தார்கள், அவளும் செய்திருந்தாள். எழுந்து நின்று கணீரென்று ஆரம்பித்தவள் நடுவில் நின்றாள். நான் கணினியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை. இமைகள் மட்டும் படபடவென்று துடித்தன. "தர்ஷினி" என்றேன். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். வகுப்பு சிரித்தது. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல விட்ட இடத்திலிருந்து வாய்ப்பாட்டைத் தொடர்ந்தாள். பிள்ளைகள் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை.

கனவு காணும் பிள்ளையைக் கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்பும். இவள் திரும்பவில்லை. இங்கே இல்லவே இல்லை.

நான் டாக்டர் இல்லை. தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தேன். நம்மவர்களிடம் வலிப்பு என்ற சொல்லை வாயில் எடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பெண் பிள்ளை வேறு. ஆனாலும் அன்று மதியமே சரவணனை வரச்சொல்லி, கண்டதை அப்படியே சொன்னேன். இது ஒருவகை வலிப்பாகக்கூட இருக்கலாம், ஒரு தடவை அரசாங்க மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், அதுவரை அந்த மூச்சுப் பயிற்சியை நிறுத்துங்கள் என்றேன்.

அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"வாயக் கழுவுங்க டீச்சர்! என் புள்ளைக்கு வலிப்பா? கீழ வுழுந்தாளா? வாயில நொர வந்துச்சா? ஒங்களுக்கு சொல்லிக் குடுக்கத் தெரியலன்னு எம்புள்ளைய நோயாளி ஆக்காதீங்க!"

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் புகார் கொடுத்தார். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மங்கை டீச்சர், பள்ளியச் சுத்திக் காட்டுற திறந்தநாள் வருது. கல்வி இலாகாவுலேருந்து ஆளு வராங்க. புதுப் பெற்றோர் வராங்க. இந்த நேரத்துல அந்தப் பட்டையால புள்ளைக்கு வலிப்பு வந்துச்சின்னு யாராச்சும் கெளப்பிவுட்டா நாம காலி. அது முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். சத்தியமா."

"பட்டையால வந்துச்சின்னு நான் சொல்லல சார். பட்டை காட்டுறத நாம தப்பா படிக்கிறோம்னு சொல்றேன்."

"கொஞ்சம் பொறுங்க லா டீச்சர்."

என் வகுப்பில் நான் மூச்சுப் பயிற்சியை நிறுத்தினேன். அது என் கையில் இருந்தது. வீட்டில் நடப்பது என் கையில் இல்லை. ஒவ்வொரு காலையும் ரயிலில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கே நின்றுவிடுமோ என்று நினைப்பேன். படிக்கட்டிலா? குளியலறையிலா? பாடப்புத்தகத்துக்கு முன்னால் நின்றால் பரவாயில்லை, வேறு எதற்கு முன்னால்?

திறந்தநாள் வந்தது. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். மண்டபத்தில் பெரிய திரை, மாவிலைத் தோரணம், வாசலில் பன்னீர். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் மேடையில் பட்டையோடு உட்கார்ந்து பாடம் கேட்பார்கள், அவர்கள் நிறம் திரையில் எரியும். தொடங்குவதற்குச் சற்றுமுன் தலைமையாசிரியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"டீச்சர், தர்ஷினி மட்டும் மேடையில வேணாம். கேண்டீன்ல உக்காரட்டும். அவ பட்டையை யோகிதாவோட அக்கா தலையில மாட்டிட்டேன், அந்தப் புள்ளையும் பச்சையா வருது. பேர மாத்த நேரமில்ல. திரையில சிவப்பு இருக்கக்கூடாது, அவ்ளோதான்."

"அவளத் தனியா வுடாதீங்க சார்" என்றேன்.

"கேண்டீன் ஆன்டி இருக்காங்க லா."

அதற்குள் இலாகா அதிகாரிகளின் கார் வந்துவிட்டது. அவர் ஓடினார். நான் மேடைக்குப் போகவில்லை. என்னவோ மனசு கேட்கவில்லை. கேண்டீன் பக்கம் நடந்தேன்.

மேசை காலியாக இருந்தது. ஒரு தட்டில் பாதி தின்ற மீ கோரேங் நூடுல்ஸ் மட்டும் கிடந்தது.

"ஆன்டி, புள்ள எங்க?"

"இங்கதான் டீச்சர் புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வுட்டுக்கிட்டு உக்காந்திருந்திச்சி. அப்பா லோரி வந்திரிச்சின்னு சொல்லி கேட்டுப் பக்கம் ஓடிச்சி."

புஸ்ஸு புஸ்ஸு என்று. அந்தச் சொல் காதில் விழுந்ததும் வாசல் பக்கம் திரும்பினேன். பட்டுச்சேலையோடு, செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாமல் ஓடினேன்.

விருந்தினர்களுக்காக வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. காவலாளி கார்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். சாலைக்கு எதிர்ப்புறம், ஓரமாகச் சரவணனின் லோரி. அவர் அதன் பக்கத்தில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மகளைப் பார்த்துவிட்டார். கையசைத்துக்கொண்டிருந்தார்.

தர்ஷினி அந்த நான்கு தடச் சாலையில் இறங்கியிருந்தாள். முதல் தடத்தைத் தாண்டி இரண்டாவதில் கால் வைத்தவள், நின்றுவிட்டாள்.

"வாடி! என்னடி நடுரோட்டுல கனவு காணுற!" சரவணன் கத்தினார். "தர்ஷினி! ஏய்!"

வலப்பக்கமிருந்து, அவள் நின்ற அதே தடத்தில், கொள்கலன் ஏற்றிய லோரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

நான் எல்லாரையும்போல அவள் பெயரைத்தான் கத்தியிருப்பேன். வாய்வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு நொடியில் வாய்ப்பாட்டின் நடுவே நின்ற அந்தக் கண் ஞாபகத்துக்கு வந்தது. கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது. என் காலுக்கு அவள் எட்டவும் மாட்டாள். அவளைக் கூப்பிட்டு ஒரு புண்ணியமும் இல்லை, லோரியைத்தான் கூப்பிட வேண்டும்.

அவள் பக்கம் ஓடாமல் லோரியைப் பார்த்து ஓடினேன். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, முந்தானை பறக்க, தொண்டை கிழியக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். காற்று பிரேக் சீறியது. டயர் கருகும் நாற்றம். லோரியின் முகப்பு எனக்கு மேலே மலைபோல வந்து நின்றது. உள்ளேயிருந்த மலாய்க்காரர் தலையை வெளியே நீட்டி, பைத்தியமா என்று, "கீலா கா!" என்று அலறினார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற பிள்ளையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

நான் திரும்பினேன். தர்ஷினி கண்ணைச் சிமிட்டினாள். அடுத்த காலை எடுத்து வைக்கப்போனவள், என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"டீச்சர், நீங்க ஏன் ரோட்டுல நிக்கிறீங்க?"



சரவணன் வந்துவிட்டார். எப்படிச் சாலையைக் கடந்தாரோ தெரியாது. வந்த வேகத்தில் மகளை அடிக்கக் கையை ஓங்கினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஓரமாக இழுத்துவந்து மூன்று பேரும் பள்ளி வேலியோரம் உட்கார்ந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியது.

"மூச்சுப் பயிற்சி செஞ்சிக்கிட்டே ஓடி வந்தேன்ப்பா" என்றாள் தர்ஷினி. "என்னைய மேடையில வேணான்னு சொல்லிட்டாங்க. நெறைய செஞ்சா பச்சையா வந்துரும், அப்பறம் அப்பா கேட்டா சேத்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

அப்போது அவர் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. பழக்கதோஷத்தில் எடுத்துப் பார்த்தார். திறந்தநாளுக்காக நிகழ்ச்சி நடக்கும்போதே பெற்றோர் குழுவுக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு மகளின் நெற்றியைப் பார்த்தார். வியர்வையில் ஒட்டிய முடியைத் தவிர அங்கே எதுவும் இல்லை.

"டீச்சர்" என்றார். "தர்ஷினி, பச்சைன்னு போட்டிருக்கு. முழுக் கவனம்னு போட்டிருக்கு. இவ தலையில ஒண்ணுமே இல்லையே டீச்சர்."

கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பச்சை வட்டம் பளபளத்தது. கீழே யாரோ ஒருவர் கைதட்டல் படம் போட்டிருந்தார். அவர் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அந்தச் சாலையோரத்தில், போகிற வருகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதார்.

நான் வெறுங்காலோடு மண்டபத்துக்குள் போனேன். தலைமையாசிரியர் ஒலிவாங்கியோடு மேடையில் இருந்தார். கிட்டே போய்க் காதில் சொன்னேன். "சார், தர்ஷினி இப்ப லோரிக்கு அடியில போயிருப்பா. திரையில அவ பச்சையா இருக்கா. நீங்க நிறுத்துறீங்களா, நான் நிறுத்தட்டுமா?" அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். அந்தப் பெயர், அந்தப் பச்சை. ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோனார். "மன்னிக்கணும், இதோட நிறுத்திக்கிறோம்" என்றார். இலாகா அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரே போய்க் கணினியை அணைத்தார். அந்தத் துணிச்சலுக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அவர் பயந்த எதுவும் பொய்ப்பயம் இல்லை.

மருத்துவமனைக்கு என்னையும் வரச்சொன்னார் சரவணன். "எனக்குப் பேச வராது டீச்சர்" என்றார். டாக்டர் ஓர் இளம் பெண். நான் கண்டதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். கணினியில் விழுந்து எழும்பிய கோட்டைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பட்டையை வைத்து நோய் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தது உதவுகிறது என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் காற்றாடியை எடுத்துத் தர்ஷினியிடம் கொடுத்து, நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருக்கச் சொன்னார்.

தர்ஷினி சந்தோஷமாக ஊதினாள். காற்றாடி சுற்றியது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊதிக்கொண்டே இருந்தவள் நின்றாள். காற்றாடி மெல்ல நின்றது. கண் திறந்திருந்தது, இமை துடித்தது. டாக்டர் சரவணனைப் பார்த்து, "இப்போ கூப்பிட்டுப் பாருங்க" என்றார்.

"தர்ஷினி" என்றார். "அம்மாடி. தர்ஷினி."

கொஞ்ச நேரத்தில் அவள் மறுபடி ஊத ஆரம்பித்தாள். வேகமாக மூச்சு வாங்கினால் இந்த வகை வலிப்பு தூண்டப்படும், அதனால்தான் ஊதச் சொல்லிப் பார்க்கிறோம் என்று டாக்டர் விளக்கினார். முழுப் பரிசோதனை செய்துவிட்டு மருந்து தொடங்கலாம், பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்தில் கட்டுப்படும், பயப்படாதீர்கள் என்றார். சரவணன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காலையிலயும் சாயந்தரமும் நான்தான் டாக்டர் செய்ய வச்சேன்" என்றார். டாக்டர் அவர் தோளில் கை வைத்தார்.

கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் வகுப்புக்கும் ஏதாவது ஒரு பெட்டி வரும். அது நல்லதாகவும் இருக்கும். அந்தப் பட்டை பொய் சொல்லவில்லை, பிள்ளை இங்கே இல்லை என்று அது தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கவனமில்லை என்று பெயர் வைத்தது நாம். அந்தப் பெயரை ஊர் முழுக்க அனுப்பியதும் நாம். ஆகவே கருவி எதைக் காட்டினாலும் முகத்தை ஒரு தடவை பாருங்கள். சந்தேகம் வந்தால் அன்றைக்கே வாயைத் திறங்கள், யார் திட்டினாலும் சரி. ஒரு பிள்ளையால் பதில் சொல்ல முடியவில்லை என்று தெரிந்தால், அதன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு நிற்காதீர்கள். அதன்மேல் எது வந்துகொண்டிருக்கிறதோ, ஓடிப்போய் அதை நிறுத்துங்கள்.

மருந்து தர்ஷினிக்கு நன்றாக வேலை செய்தது. நடுவில் நிற்பது குறைந்து, பிறகு இல்லாமலே போனது. பட்டைகளைக் கம்பெனிக்காரர் பெட்டியில் போட்டு எடுத்துப் போய்விட்டார். பள்ளியையும் யாரும் மூடவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் தர்ஷினியைப் பலகைக்குக் கூப்பிட்டு ஒரு பெரிய பின்னக் கணக்கைக் கொடுத்தேன். எங்கேயும் நிற்காமல் கடகடவென்று போட்டு முடித்தாள். வகுப்பே கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் கணக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுண்ணக்கட்டித் தூள் ஒட்டிய கையால் வெறும் நெற்றியைத் தொட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"விடை சரிடி கண்ணு" என்றேன்.

"அது தெரியும் டீச்சர்" என்றாள். "நான் இப்ப என்ன கலர்?"